பூச்சி கத்தாத ரெக்கார்டு

786

மேலப்பாளையம்
11.6.2023

அன்புள்ள ராயப்பண்ணனுக்கு,

முனீர் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கவரோடு கிழித்துப் போட்டுவிடாதீர்கள். போன் அடித்தால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள், மோகன்குமாரிடம் சொல்லியனுப்பினால் அவனையும் திட்டுகிறீர்களாம். நான் என்னதான் செய்வது? தபால்காரர் ஒருவர்தான் பாக்கி.

பிப்ரவரியில் பேகம்பூர் ஸ்பீக்கர் கடையை மூடிவிட்டு மகள் ஷப்னம் வீட்டோடு வந்துவிட்டேன். மூட்டுவலி. மாடி ஏறி இறங்க முடியவில்லை. போகிறேன் என்று சொல்ல உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். மதினி கதவைத் திறந்தார்கள். நீங்கள் உள்ளே இருந்துகொண்டே வரவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

போன அக்டோபர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பூசை முடிந்து நேராகக் கடை மாடிக்கு வந்தீர்கள், உங்கள் ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு. எப்போதும்போல ரெக்கார்டு கேட்க நாம் நாலு பேர்: நீங்கள், நான், சின்னாளபட்டி அழகர்சாமி, மோகன்குமார். எப்போதும்போல பன்னும் டீயும். ஈரான் நாட்டு நாணல் குழல் ரெக்கார்டைப் போட்டீர்கள். ஊதுகிறவர் முதல் மூச்சு விட்டு முடிக்கவில்லை, மோகன்குமார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். "அண்ணே, காது கிழியுதுண்ணே!" அழகர்சாமியும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்ன ராயப்பா, தகரத்த ஆணியால கீறுற மாதிரி இருக்கு" என்றார்.

நீங்கள் பெட்டியைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றினீர்கள். உள்ளே நான் செய்திருந்ததைப் பார்த்தீர்கள். கீச்சுச் சத்தத்துக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு, அந்த ட்வீட்டருக்கு, வேண்டியதைவிட மூன்று மடங்கு தெம்பு கொடுத்திருந்தேன். "ஏலே முனீர், யாரக் கேட்டுலே என் பெட்டிக்குள்ள கைய வச்ச?" என்றீர்கள்.  திருட்டு முழி முழித்தேன் என்று அழகர்சாமி பிறகு சொன்னார். முழித்தது உண்மைதான்.

கை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது அண்ணே. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று, இதிலும் வரவில்லை. இப்போதைக்கு ஒன்று மட்டும் கேட்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிப் பெட்டி புதிதாக வாங்கினீர்களாமே. அதில் ட்ரெபிள், அந்தக் கீச்சுச் சத்தம், எப்படி இருக்கிறது?

பதில் போடுங்கள்.

முனீர்


திண்டுக்கல், மாரியநாதபுரம்
24.6.2023

முனீருக்கு,

கிழிக்கத்தான் போனேன். உன் மதினி ஆனந்தமேரி பிடுங்கி வைத்துக்கொண்டாள். "பதினெட்டு வருசம் ஒரே பன்னப் பிச்சுத் தின்னீங்க, படிச்சுத்தான் பாருங்களேன்" என்றாள். என்று நினைக்கிறேன். அவளும் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

ட்ரெபிள் எப்படி என்று கேட்டிருக்கிறாய். என்ன தைரியம் உனக்கு! சொல்கிறேன், கேட்டுக்கொள். இல்லை. ட்ரெபிளே இல்லை. போர்வையைப் போட்டுப் பொத்தின மாதிரி இருக்கிறது. திருப்பிக் கொடுத்து வேறு ஜோடி வாங்கினேன். அதுவும் அப்படியே. அந்தக் கம்பெனிக்காரனும் உன்னை மாதிரி ஒருவனை வேலைக்கு வைத்திருப்பான் போல.

பெட்டியை மட்டும் சொல்லி என்ன? கோயிலில் புது மைக் செட் போட்டிருக்கிறார்கள். பாடகர் குழு மொத்தமும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பாடுகிறது. மகள் ரூபி சென்னையிலிருந்து கூப்பிட்டால் நெட்வொர்க் சரியில்லை, பேசுகிறாளா அழுகிறாளா தெரியவில்லை. அதனால்தான் நான் போனையே எடுப்பதில்லை, உனக்காக மட்டும் இல்லை. ரூபியின் பிள்ளை "தாத்தா" என்கிறதாம். ஆனந்தமேரிக்குக் கேட்கிறது. எனக்குத் தரும்போது லைன் கட்டாகிவிடுகிறது.

மில்லிலும் அதே கதைதான். வேடசந்தூர் பஸ்ஸில் முப்பத்தொரு வருஷமாகப் போய்வருகிறேன். நூல் நூற்கிற ரிங் பிரேம் ஷெட்டில் ஆயிரம் கதிர் சுற்றுகிற இரைச்சலில் எந்தக் கதிரில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று நடந்துகொண்டே சொல்வேன், உனக்குத் தெரியும். போன மாதம் என் கண் முன்னாலேயே ஒன்று எரிந்துபோனது. இப்போது வருகிற பேரிங் சத்தமே கொடுக்காமல் எரிகிறது. மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். ஆள் பற்றாக்குறை வேறு, வாரத்தில் மூன்று நாள் இரண்டு ஷிப்டும் நான்தான்.

அந்த மாலி நாட்டு ரெக்கார்டையே எடுத்துக்கொள். எவ்வளவு அருமையான பதிவு! அதைக்கூடப் பூச்சிச் சத்தத்தைத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி போட்டு விற்றார்கள் அல்லவா, 2021இல் நாம் கேட்டோமே? உலகம் முழுக்க மந்தமாகிக்கொண்டு வருகிறது முனீர். யாருக்கும் கேட்கத் தெரியவில்லை.

உன் காரணத்தை எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. நீ கை வைத்தது கை வைத்ததுதான்.

ராயப்பராஜ்


786

மேலப்பாளையம்
5.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். தலையில் 'சேசு மரி சூசை' இல்லை. கோபத்தில் விட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது பரவாயில்லை. அந்த பேரிங் எரிந்ததைப் படித்த பிறகு இனி மறைக்க முடியாது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஞாயிறு ரெக்கார்டு கேட்பதற்கு நீங்கள் வைத்த சட்டம்தானே. ரெக்கார்டு கொண்டுவருகிறவன் எந்த நாடு, யார் பாடுகிறார் என்று சொல்லக் கூடாது. ஓடி முடிகிறவரை மூச். முடிந்ததும் ஆளுக்கொரு தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் முதுகில் தன் காதில் விழுந்ததை எழுதிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அதற்காகவே சுவரில் நாலு காலண்டர் மாட்டியிருந்தோம். வருகிறவர்கள் எல்லாம் இது என்ன ஜோசியக் கடையா என்று கேட்டார்கள். அந்தச் சீட்டு எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். உங்கள் சீட்டு இரண்டை எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தொலைந்துவிடக் கூடாதே என்று அவற்றை இங்கேயும் எழுதுகிறேன்.

17.8.2014 தாள்: "பாதிச் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிக் கம்பி இழுத்த வாத்தியம். இருபது கம்பிக்குக் குறையாது. கட்டைவிரல் கீழ்க்கம்பியில் நிதானமாக நடக்கிறது, ஆள்காட்டி விரல் மேலே ஓடுகிறது. ஸ்டுடியோ இல்லை, ஏதோ வீட்டு முற்றம். சாயங்காலம். பூச்சி கத்துகிறது. இடது பக்கம் கிட்டத்தில் ஒன்று, வலது பக்கம் தூரத்தில் இரண்டு. இரண்டாவது பாட்டு முடியும்போது இடது பக்கத்துப் பூச்சி நிறுத்திவிடுகிறது. யாரோ நடந்து வந்திருக்க வேண்டும்."

நாங்கள் மூன்று பேரும் பூச்சி என்று மட்டும்தான் எழுதியிருந்தோம். மூன்று பூச்சி என்று எண்ணியது நீங்கள். யாரோ நடந்து வந்தார் என்று கண்டது நீங்கள்.

22.8.2021 தாள்: "அதே வாசிப்பு, வேறு பிரதி. பூச்சியை எல்லாம் துடைத்தெடுத்துவிட்டார்கள். கம்பியில் நகம் படுகிற சத்தமும் போயிற்று. சுத்தம் பண்ணுகிறேன் என்று கொன்றுவிட்டார்கள்."

அண்ணே, வேறு பிரதி இல்லை. என்னிடம் இருந்தது ஒரே ரெக்கார்டுதான். அன்றைக்கும் அதே ரெக்கார்டு, அதே ஊசி. பூச்சி மூன்றும் கத்திக்கொண்டுதான் இருந்தன. எனக்குக் கேட்டது. அழகர்சாமி சீட்டில் இருக்கிறது, மோகன்குமார் சீட்டில் இருக்கிறது. அவர்கள் இருவரும் உங்கள் சீட்டைப் பார்ப்பதற்குள் நான் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். "இது புதுப் பிரதிதானே?" என்று கேட்டீர்கள். "ஆமாண்ணே" என்றேன்.

காது டாக்டரைப் பாருங்கள். நாளைக்கே பாருங்கள். ஷெட்டுக்குள் போகாதீர்கள்.

முனீர்


திண்டுக்கல்
19.8.2023

முனீர்,

பார்த்தாயிற்று.

உன் கடிதம் வந்து நாலு வாரம் நான் யாரிடமும் காட்டவில்லை. பொய் சொல்கிறான், பெட்டியைக் கெடுத்ததை மறைக்கக் கதை கட்டுகிறான் என்று நினைத்தேன். ஒரு நாள் சாயங்காலம் ஆனந்தமேரியிடம் கேட்டேன், "கொல்லையில பூச்சி கத்துதா?" அவள் கையில் இருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். காதுக்கு ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஆரம்பத்தில் டொம் டொம் என்று நாலைந்து கேட்டது, அமுக்கினேன். பிறகு மிஷினை ஓட்டிய பெண் நிறுத்திவிட்டாள். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரமாயிற்று. கண்ணாடி வழியாக, "மிஷின் நின்னுருச்சாம்மா?" என்று கேட்டேன். அவள் கதவைத் திறந்து வந்து குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் சத்தமாகச் சொன்னாள்: "ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு."

எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். நமக்குத் தெரியாத கோடா? பெட்டிக்குப் போடுவோமே, அதே கோடு. இடது ஓரத்தில் கொஞ்ச தூரம் நேராகப் போய்க் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்குகிறது. இப்படிக் கோடு போட்ட பெட்டியை நீ கொண்டுவந்திருந்தால் தூக்கிக் குப்பையில் போடுலே என்றிருப்பேன். இரண்டு காதும் அப்படித்தான். மில் இரைச்சல். உள்ளே செத்தது முளைக்காது என்றார் டாக்டர். ஆபரேஷன் இல்லை, மருந்து இல்லை.

அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ஆனந்தமேரி அவர் பதிலைத் தாளில் எழுதிக் காட்டினாள். "ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா, பேச்சு கேக்குற அளவுக்காவது காப்பாத்திருக்கலாம்."

இரண்டு வருஷம். 2021 ஆகஸ்ட் 22இல் உனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் நான் மில் பஸ் ஏறினேன். உனக்குத் தெரியும். அதற்கடுத்த நாளும் ஏறினேன். கிட்டத்தட்ட அறுநூறு நாள் ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் உன் எதிரில் உட்கார்ந்து பன் தின்றிருக்கிறேன். என் சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நீ எனக்கு டீ ஊற்றியிருக்கிறாய்.

நீயெல்லாம் சிநேகிதனா? மனுசனா நீ?

ராயப்பராஜ்


786

மேலப்பாளையம்
28.8.2023

அண்ணனுக்கு,

 நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பயம். உங்கள் காதை வைத்துத்தானே நான் பிழைத்தேன்? பெட்டி செய்து முடித்ததும் உங்கள் முன்னால் வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு, "பாடுற பொம்பளைக்கு ஜலதோசம் புடிச்சிருக்கு, சரி பண்ணு" என்பீர்கள். சரி பண்ணுவேன். ராயப்பராஜ் கேட்டுச் சரி சொன்ன பெட்டி என்றால் காரைக்குடிவரை பெயர். அந்தக் காது போயிற்று என்று நான் எந்த வாயால் சொல்வேன்? வயசானால் எல்லாருக்கும் கொஞ்சம் குறைவதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மில்லைப் பற்றி நினைக்கவில்லை. அல்லா சாட்சியாக நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

பிறகு, ட்வீட்டர் சரியில்லை என்று பெட்டியைக் கொண்டுவந்தீர்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை. நான் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன். நீங்கள் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்திருச்சுலே, வந்திருச்சு!" என்றீர்கள். கண்ணில் தண்ணீர் வேறு. அந்த வார்த்தைக்காகத்தான் இரண்டாம் முறை ஏற்றினேன். மூன்றாம் முறையும் ஏற்றினேன். மோகன்குமார் காதைப் பொத்தியது அந்த மூன்றாவது. நாலு பேர் முன்னால் காரணத்தைச் சொன்னால் நீங்கள் எந்த முகத்தோடு மாடி இறங்குவீர்கள் என்று பார்த்தேன். அதைவிடத் திருடன் என்ற பெயரே இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்துவிட்டேன்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மில்லில் காதில் செருக ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். மாட்டுங்கள் என்று பத்து வருஷத்துக்கு முன்பே சொன்னேன். "காத அடச்சுக்கிட்டா பேரிங்க எப்படிலே கேக்குறது?" என்று சிரித்தீர்கள். அடைப்பானை எடுத்து உங்கள் வீட்டு ரெக்கார்டு மேடை ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் வைத்தோம். இரண்டு பேரும் சேர்ந்துதான் வைத்தோம்.

பழியைப் பங்கு போட எழுதவில்லை. அப்படித் தெரிந்தால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். வருகிற ஞாயிறு ரயிலேறி வருகிறேன். வாசலில் நிற்க வைத்தாலும் நிற்கிறேன்.

முனீர்


திண்டுக்கல்
2.11.2023

முனீர்,

வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனாய் என்று தெரியும். நான்தான் கதவைத் திறக்க வேண்டாம் என்றேன். இனிமேல் வராதே. கோபம் இல்லாமல் சொல்கிறேன். இருக்கிறது, ஆனால் அதற்காகச் சொல்லவில்லை.

வந்தால் என்ன செய்வாய்? உன் வாய் அசையும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்ன?" என்பேன். நீ கத்துவாய். தெருவுக்கே கேட்கும், எனக்கு மட்டும் உறுமலாகக் கேட்கும். பிறகு நீ அழுவாய். இதைத்தான் தினமும் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காதில் மிஷின் வைத்திருக்கிறார்கள். எல்லாம் பெரிதாகிறது, எதுவும் தெளிவாவதில்லை. தட்டு விழுந்தால் மண்டையில் அடிக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஒரு எழுத்தும் புரியவில்லை. பழகப் பழகச் சரியாகும் என்கிறார்கள். மில்லில் ஷெட்டிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் நல்ல மனுசன், "பெரியவரே, உக்காந்து பாருங்க" என்று எழுதிக் காட்டினார். நட்டு, போல்ட், எண்ணெய் டப்பா. யார் வந்தாலும் சீட்டில் எழுதி நீட்டுகிறார்கள். சீட்டு நம்மை விடமாட்டேன் என்கிறது, பார்த்தாயா?

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுதிரி ஏற்றிவிட்டு நின்றோம். சாமியார் இறந்தவர்கள் பேரை ஒவ்வொன்றாக வாசித்தார். எங்கள் அப்பா பேருக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று எல்லாரும் கலைய ஆரம்பித்தார்கள். "அப்பா பேர வாசிக்கலையே?" என்றேன், சத்தமாகவே சொல்லியிருப்பேன் போல, நாலு பேர் திரும்பினார்கள். ஆனந்தமேரி என் கையை அமுக்கினாள். வாசித்துவிட்டார்களாம். மூன்றாவது பேராம்.

ரெக்கார்டு முந்நூறு இருக்கிறது அலமாரியில். தூசி தட்டி வைக்கிறேன். அட்டையைப் பார்த்தால் எந்த இடத்தில் எது வரும் என்று மண்டைக்குள் ஓடுகிறது. ஆனால் நிஜமாகவே ஓடுகிறதா, நான் இட்டுக்கட்டிக்கொள்கிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது. சரிபார்க்க வழியில்லை முனீர். அதுதான் என்னைக் கொல்கிறது.

உன்னால் ஆனது ஒன்று இருக்கிறது. நீ கேள். கேட்டதை எழுதி அனுப்பு. சட்டப்படி எழுது, நாட்டைச் சொல்லாதே. நான் படித்துச் சரிபார்க்கிறேன்.

ராயப்பராஜ்


786

மேலப்பாளையம்
10.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு ஞாயிறாக முயற்சி செய்கிறேன். ஷப்னம் வீட்டுக் காலண்டரில் தாள் குறைந்துவிட்டது என்று மருமகன் கேட்கிறார். எழுதியதில் தேறியது இது ஒன்று:

"ஒரு அம்மா பாடுகிறார். நல்ல குரல். சோகம். கிட்டார் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பதிவு சுத்தம். இரைச்சல் இல்லை."

இவ்வளவுதான் அண்ணே. படித்தால் எனக்கே அவமானமாக இருக்கிறது. போர்த்துகல் ரெக்கார்டு, நீங்கள் உயிராக இருந்தது. சட்டத்தை மீறி நாட்டைச் சொல்லிவிட்டேன், என் சீட்டை வைத்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது என்பதால். பழைய டப்பாவில் உங்கள் சீட்டைத் தேடிப் பார்த்தேன். "வார்த்தை முடிந்த பிறகும் வாயை மூடாமல் இருக்கிறாள், மூடினால் அழுகை வந்துவிடும் என்று" என எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே இடத்தைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. பாட்டு முடிகிறது, அவ்வளவுதான். எனக்குக் காது நன்றாக இருக்கிறது அண்ணே. இருந்து என்ன பிரயோசனம்? அல்லா ஆளை மாற்றி எடுத்துவிட்டான்.

மோகன்குமாரை எழுதச் சொன்னேன், அவனுக்கும் வரவில்லை. அழகர்சாமி சுங்குடிச் சேலை வியாபாரமாகத் திருநெல்வேலி வந்திருந்தார். அவரிடம் அந்த மாலி நாட்டு ரெக்கார்டையும் பிஸ்கட் டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். அவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். ரெக்கார்டு உங்களிடம்தான் இருக்க வேண்டும். நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஒன்று கேட்க வேண்டும். கேட்க எனக்கு அருகதை இல்லை. என்னை மன்னிப்பீர்களா?

முனீர்


சேசு மரி சூசை

திண்டுக்கல்
21.1.2024

முனீருக்கு,

ரெக்கார்டும் டப்பாவும் வந்து சேர்ந்தன. அழகர்சாமி வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாலு சீட்டு எழுதிக் காட்டினார். கடைசிச் சீட்டில் "வாரேன் ராயப்பா" என்றிருந்தது.

உன் போர்த்துகல் சீட்டு படுமோசம். பதினெட்டு வருஷம் என்னோடு உட்கார்ந்து நீ கற்றது இதுதானா? 'நல்ல குரல்' என்றால் என்னலே அர்த்தம்? கண்டக்டருக்கும்தான் நல்ல குரல்.

டப்பாவில் உள்ள என் சீட்டை எல்லாம் வருஷவாரியாக அடுக்கினேன். இரண்டு நாள் ஆயிற்று. 2016இல் ஜால்ரா காணாமல் போகிறது. 2018இல் பாடகர்கள் மூச்சுவாங்குவது போகிறது. 2019க்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மத்தளம், தாளம், கீழ்ச்சுருதி. எப்படியெல்லாம் புகழ்ந்திருக்கிறேன் பார். "இந்தக் கலைஞர் அடக்கமாக வாசிக்கிறார்" என்கிறேன் ஒரு இடத்தில். அவர் அடக்கமாக வாசிக்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை. இத்தனை சீட்டும் என் கையெழுத்து. நீ மட்டும் மறைத்ததாகச் சொன்னேன். என் கையாலேயே எழுதிவைத்துவிட்டு நானே படிக்கவில்லை.

போன ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு மாலி ரெக்கார்டைப் போட்டேன். கட்டைவிரல் கீழ்க்கம்பியில் நடப்பது கேட்கிறது. அது ஒன்றுதான். தனியாக ஒரு ஆள் முற்றத்தில் அங்கேயும் இங்கேயும் நடக்கிற மாதிரி. பழைய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் இது, இந்த இடத்தில் அது என்று பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அரைப் பாட்டில் எழுந்துபோய் ஆனந்தமேரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தேன்.

உன் மதினியைத் தெரியும் உனக்கு. கோயில் பாட்டைத் தவிர எல்லாமே அவளுக்கு இரைச்சல். நாம் போட்டதை எல்லாம், "என்னத்தயோ இழுக்குறானுக" என்பாள். ஒரு நாள் ஒரு முழுப் பாட்டு உட்கார்ந்து கேட்டதில்லை. "எனக்கு என்ன தெரியும், அடுப்புல வெஞ்சனம் கிடக்கு" என்று வாயசைத்தாள். இந்த ஒன்றை மட்டும் வாயைப் பார்த்தே கண்டுபிடித்தேன். "காதுல விழுறத எழுது, போதும்" என்றேன். முதலிலிருந்து போட்டேன்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். இரண்டாவது பாட்டில் ஒரு தரம் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பார்த்தாயா, ஒரு நிமிஷம்கூட நிலையாக உட்காரமாட்டாள் என்று எனக்கு எரிச்சல். ரெக்கார்டு நின்றதும் எழுதிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"வீணை மாதிரி என்னமோ வாசிக்காங்க. ஆரம்பத்துல இருந்தே பூச்சி கத்துது. நம்ம கொல்லைப் பூச்சினு நெனச்சு எந்திரிச்சுப் போய் ஜன்னலச் சாத்துனேன். சாத்துன பிறகும் கத்துது. பெட்டிக்குள்ளதான் கத்துது போல. ரெண்டாவது பாட்டு முடியப்போறப்ப ஒரு பூச்சி மட்டும் வாய மூடிருச்சு. யாரோ வந்துட்டாகன்னு வாசலப் பார்த்தேன். யாரும் இல்ல."

நீ அனுப்பிய 2014 தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். என் தாளைத்தான்.  ஆனந்தமேரி வந்து தோளைத் தொட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பாக எழுதிவிட்டாளோ என்று பயந்துபோனாள். "சரியாத்தான் எழுதிருக்க" என்றேன்.

அதே பிரதிதான் முனீர். அன்றைக்கு நீ 'ஆமாண்ணே' என்றதுதான் பொய்.

மன்னிப்பேனா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. காலையில் மன்னித்துவிட்டேன் என்று தோன்றுகிறது, மத்தியானம் ரூபியின் பிள்ளை போனில் சிரிப்பதைப் பார்க்கும்போது இல்லை என்று தோன்றுகிறது. இதை எழுதுகிற இந்த நேரத்தில் என்னவென்று கேட்காதே. முட்டி சரியானால் வா. கதவைத் திறக்கச் சொல்கிறேன். நீ மாட்டு மாட்டு என்று சொன்ன ரப்பர் அடைப்பான் இன்னும் ரெக்கார்டு மேடையின் காலடியில்தான் இருக்கிறது, அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போதும் சாயங்காலம்தான். ஆனந்தமேரி எதிரில் நின்று கையைக் காட்டுகிறாள். கொல்லையில் பூச்சி கத்துகிறதாம், ஜன்னலைச் சாத்தவா, திறந்து வைக்கவா என்று கேட்கிறாள். எப்படி வேண்டுமானாலும் செய் என்றேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ராயப்பராஜ்